மாஸ்கட்டைக் கட்டிக் காப்பது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் மாஸ்கட், அதாவது அடையாளக் கதாபாத்திரம், ஓர் அணில். வெப்சைட்டில் ஒரு மாதிரியும், பேனரில் வேறு மாதிரியும், பெட்டியில் இன்னொரு மாதிரியும் இருக்கிறது. மூலப்படம் ஒன்றுதான். எங்கே பிசகுகிறது?

பதில்: படம் ஒன்றே ஒன்றாக இருப்பதில்தான். முன்பக்கம் பார்த்து நிற்கும் அணிலை மட்டும் கொடுத்திருப்பீர்கள். பேனருக்கு ஓடுகிற அணில் தேவைப்பட்டதும், அந்த வேலையைச் செய்தவர் முதுகையும் வாலையும் தானாக ஊகித்து வரைந்திருப்பார். பெட்டிக்கு வரைந்தவரின் ஊகம் வேறு.

இதற்கு டர்ன்அரவுண்ட் ஷீட் வேண்டும். முன்பக்கம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என நான்கு தோற்றங்களையும் ஒரே தரைக்கோட்டில் நிறுத்தி, தலையுச்சி, கண், தாடை, இடுப்பு ஆகியவற்றின் உயரத்தில் நான்கையும் கடக்கும் குறுக்குக்கோடுகள் போடுங்கள். தலையையே அளவுகோலாக வையுங்கள்: மொத்த உயரம் இரண்டரைத் தலை என்றால் எல்லாத் தோற்றத்திலும் இரண்டரைதான். முதுகில் மூன்று கோடு, கையில் நான்கு விரல் என்று எண்ணிக்கைகளையும் எழுத்தில் வையுங்கள்.

அடுத்து, மாறவே கூடாதவை எவை என்று முடிவெடுங்கள். உருவத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். அப்போதும் அது உங்கள் அணில்தான் என்று எது சொல்கிறதோ, அதைத் தொடக் கூடாது. மிக்கி மவுஸ் தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் காதுகள் வட்டமாகவே தெரியும். உடலமைப்புப்படி அது தவறு. ஆனால் அந்த நிழலுருவைக் காப்பாற்றுவது அதுதான். உங்கள் அணிலுக்கு வாலின் சுருள் அப்படி அமையலாம். சிரிப்பு, கோபம், கையில் பிடிக்கும் பொருள் எல்லாம் தாராளமாக மாறட்டும்.

கேள்வி: விசிட்டிங் கார்டுக்குச் சின்னதாக்கினால் முகமே கறுப்புத் திட்டாகிவிடுகிறது. ஏன்?

பதில்: கோட்டின் தடிமன் சுருங்கவில்லை. 200 மி.மீ. உயரத்தில் 2 மி.மீ. அவுட்லைனோடு வரைந்த படத்தை 20 மி.மீ. ஆக்கும்போது, இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் ‘ஸ்கேல் ஸ்ட்ரோக்ஸ்’ (கோட்டையும் சேர்த்துச் சுருக்கும்) அமைப்பு அணைந்திருந்தால் கோடு 2 மி.மீ.யாகவே நிற்கும். 14 மி.மீ. அகலமிருந்த கண்ணோ 1.4 மி.மீ. ஆகிவிடும். கண்ணைவிடக் கோடு தடிமன்! வெளியே அனுப்பும் ஃபைலில் ‘அவுட்லைன் ஸ்ட்ரோக்’ கொடுத்துக் கோடுகளை வடிவங்களாக மாற்றிவிட்டால் யார் கையிலும் இந்தத் தவறு நேராது. திருத்துவதற்கான மூல ஃபைலைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு தீராது. சரியாகச் சுருங்கிய கோடு 0.2 மி.மீ. தான் இருக்கும். தாளில் அச்சாகும், டி-ஷர்ட் எம்ப்ராய்டரியில் வராது. அங்கே 1 மி.மீ.க்குக் குறைந்த கோடு தெளிவாக நிற்காது. எனவே மூன்று பதிப்புகள் வரைந்து வாங்குங்கள்: பெரியதற்கு முழு உருவம், நடுத்தரத்துக்கு ரோமக்கோடுகள் நீக்கியது, சின்னதற்கு முகம் மட்டும். எந்த உயரத்துக்குக் கீழே எந்தப் பதிப்பு என்று மி.மீ.யிலும் பிக்சலிலும் குறியுங்கள்.

கேள்வி: ஸ்கிரீனில் பளீரென்று இருக்கும் ஆரஞ்சு அச்சில் மங்குகிறதே?

பதில்: ஸ்கிரீன் ஒளியால் நிறம் காட்டுகிறது, தாள் மையால். பளீர் ஆரஞ்சு, பளீர் பச்சை, மின்நீலம் போன்றவை நான்கு மை அச்சின் எல்லைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு நிறத்துக்கும் பான்டோன் (தயார்நிலை மையின் எண்), சிஎம்ஒய்கே (நான்கு மைகளின் அளவு), ஆர்ஜிபி, ஹெக்ஸ் (இரண்டும் ஸ்கிரீனுக்கு) என நான்கு எண்களையும் எழுதிவையுங்கள். மென்பொருள் தானாக மாற்றித் தருவதை நம்பாமல், அச்சிட்டுப் பார்த்து முடிவுசெய்யுங்கள். ஒரே பான்டோன் மை பளபளத் தாளிலும் சொரசொரப்பான தாளிலும் வேறாகத் தெரியும் என்பதால் இரண்டிலும் பார்க்க வேண்டும். கரும்பின்னணியில் வைக்கும்போது அணிலின் நிறத்தை வெளுக்காதீர்கள். சுற்றிலும் வெள்ளைக் கோடு கொடுங்கள்.

கேள்வி: அணில் எதிர்ப்பக்கம் பார்த்து நிற்க, படத்தைக் கண்ணாடிபோல் திருப்பலாமா?

பதில்: இடது தோளில் பை, மார்பில் எழுத்து இருந்தால் கூடாது. வலம் பார்ப்பது, இடம் பார்ப்பது இரண்டையும் தனித்தனியே வரைந்து வாங்குங்கள்.

கேள்வி: ஏஐ கருவியில் புதுப்புதுப் படங்கள் எடுத்துப் பயன்படுத்தலாமா?

பதில்: யோசனைக்கு எடுங்கள், அப்படியே வெளியிடாதீர்கள். ஒரு படத்தில் முதுகுக்கோடு மூன்று, அடுத்ததில் நான்கு என்று வரும். கண்ணில் உள்ள வெள்ளைப் புள்ளி இடம் மாறும். பிடித்த போஸை டர்ன்அரவுண்ட் ஷீட்டைப் பார்த்து ஒருவர் மறுபடி வரையட்டும்.

கேள்வி: மாஸ்கட் பழசாகத் தெரிகிறது. புதுப்பிக்கலாமா?

பதில்: தாராளமாக. மிஷலின் டயர் நிறுவனத்தின் மாஸ்கட்டாக 1898-ல் பிறந்த டயர் மனிதரிடம் தொடக்கத்தில் சுருட்டு இருந்தது. அது போய்விட்டது, உடலும் மெலிந்தது. அன்றைய டயர்கள் வெளிர்நிறம். பிறகு கார்பன் பிளாக் என்ற கரித்தூளைக் கலந்து டயர்களே கறுத்த பின்னும் அவர் வெள்ளையாகவே நிற்கிறார்.

புதுப்பித்ததும் ஃபைல் பெயரில் பதிப்பு எண்ணைச் சேர்த்து, பழையவற்றைப் பொது ஃபோல்டரிலிருந்து எடுத்துவிடுங்கள். அச்சகத்துக்கும் விளம்பர ஏஜென்சிக்கும் புதிய ஃபைலை அனுப்பும்போதே, பழையதை அழித்துவிட்டதாக அவர்களிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். பெரும்பாலும் பழைய அணில் திரும்பி வருவது அவர்களுடைய கம்ப்யூட்டரிலிருந்துதான்.