டெக்சாஸில் எல்விஎன் படித்தால் வேலை கிடைக்குமா? எங்கெல்லாம் வேலை?

கணவர் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார், உங்களுக்கு எச்-4 (துணைவர் விசா)-இல் வேலை அனுமதி வந்துவிட்டது, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், ஏறக்குறைய ஒரு வருட எல்விஎன் (லைசென்ஸ்டு வொக்கேஷனல் நர்ஸ், அதாவது ஆர்என் எனப்படும் ரெஜிஸ்டர்டு நர்சுக்கு அடுத்த படியில் உள்ள நர்ஸ்) படிப்பை நம்பிச் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேரலாம், வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரிய மருத்துவமனை வார்டில் வேலை என்று மனக்கணக்குப் போட்டிருந்தால், அதை இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

டெக்சாஸ், கலிபோர்னியா தவிர மற்ற மாநிலங்களில் எல்பிஎன் என்று சொல்வதும் இதே லைசென்ஸ்தான். நாடு முழுக்கப் பார்த்தால் எல்விஎன்களான எங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முதியோர் பராமரிப்பு இல்லங்களில்தான் இருக்கிறோம். மருத்துவமனைகளில் ஏழில் ஒருவர் இருந்தால் அதிகம். நடுத்தரச் சம்பளம் 2024-இல் வருடத்துக்குச் சுமார் 62,000 டாலர்.

நான் இருப்பதும் ஹூஸ்டன் பக்கம் அப்படியொரு இல்லத்தில்தான். காலை ஷிப்டில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு அறை அறையாகப் போக வேண்டும். சாப்பாட்டுக்கு முன் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து இன்சுலின் போடணும். விழுங்கச் சிரமப்படுபவருக்கு மாத்திரையைப் பொடித்து ஆப்பிள் சாஸில் கலந்து கொடுக்கணும். எதைப் பொடிக்கவே கூடாது என்பதும் தெரிந்திருக்கணும். ஷிப்ட் மாறும்போது சாவியைக் கொடுப்பதற்கு முன் இரண்டு நர்சுகள் சேர்ந்து நார்கோடிக் (போதை தரக்கூடிய வலி நிவாரணி) மாத்திரைகளை அட்டை அட்டையாக எண்ணுவோம். ஒன்று குறைந்தாலும் கணக்கு நேராகும்வரை யாரும் கிளம்ப முடியாது.

உடம்பு நோகும் வேலைதான், மறுக்கவில்லை. ஆனாலும் எனக்கு இது பிடித்திருக்கிறது. இங்கே இருப்பவர்களை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பார்க்கிறோம். தினமும் பேர் சொல்லிக் கூப்பிடும் பாட்டி ஒரு நாள் திருதிருவென்று விழித்தால், ஏதோ தொற்று ஆரம்பிக்கிறதோ என்று முதலில் சந்தேகப்படுவது நாங்கள்தான். உடனே ஆர்என்னிடமும் டாக்டரிடமும் சொல்லிவிடுவோம்.

வேறு இடங்களும் உண்டு. பிள்ளைகளுடைய நேரத்துக்கு ஒத்துவருவது டாக்டர் கிளினிக். சம்பளம் பெரும்பாலும் கொஞ்சம் குறையும். வீட்டுக்கே போய் ட்ரக்கியோஸ்டமி (மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டுக் குழாய்) போட்ட ஒரு குழந்தையை ஷிப்ட் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் வேலையும் இருக்கிறது. அங்கே பக்கத்தில் இன்னொரு நர்ஸ் இருக்க மாட்டார், அதனால் படித்து முடித்தவுடன் அதற்குப் போகாதீர்கள். டயாலிசிஸ் மையம், ஹாஸ்பிஸ் (இறுதிக்காலப் பராமரிப்பு), சிறை மருத்துவப் பிரிவு எல்லாவற்றிலும் எல்விஎன்களை எடுக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஊரில் ஜிஎன்எம்மோ பிஎஸ்சி நர்சிங்கோ முடித்தவர் என்றால் எல்விஎன்னில் காலத்தைச் செலவழிக்காதீர்கள். சான்றிதழ்களை மதிப்பீட்டுக்கு அனுப்பி, நேராக ஆர்என் லைசென்ஸ் தேர்வான என்சிலெக்ஸ்-ஆர்என் எழுதப் பாருங்கள். இந்தியாவிலிருந்தே வர நினைக்கும் தோழிகளுக்கும் இதைச் சொல்லுங்கள்: கிரீன் கார்டில் நர்சுகளுக்கு இருக்கும் ‘ஷெட்யூல் ஏ’ சலுகை (வேலை தருபவர் வழக்கமான தொழிலாளர் சான்றிதழ் வாங்கத் தேவையில்லை என்ற விலக்கு) ஆர்என்னுக்குத்தான், எல்விஎன்னுக்குக் கிடையாது.

நர்சிங் புதிது என்றால் கம்யூனிட்டி காலேஜில் சேருங்கள். தனியார் பள்ளிகளில் கட்டணம் பல மடங்கு ஆகும். பிறகு எல்விஎன்களுக்கான பிரிட்ஜ் படிப்பில் சேர்ந்து ஆர்என் ஆகிவிடலாம். இன்டர்வியூவில் மணிக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன், ஒரு ஷிப்டில் ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளிகள், உதவிக்கு எத்தனை சிஎன்ஏ (நர்சிங் உதவியாளர்) என்று கேளுங்கள். மழுப்பினால் அடுத்த இடத்தைப் பாருங்கள்.