பட்டித் தூசியும் வீட்டு மின்சாதனங்களும்

கேள்வி: குடியிருந்தபடியே வீட்டில் பழைய தரையை உடைத்து டைல்ஸ் போட்டு, சுவருக்குப் பட்டி பார்த்து பெயின்ட் அடிக்கப் போகிறோம். டிவி, கம்ப்யூட்டர், ஏசி, இன்வெர்ட்டரைப் பழைய பெட்ஷீட் போட்டு மூடினால் போதுமா?

பதில்: போதாது. பெட்ஷீட் மணலைத் தடுக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பறக்கும் பட்டி மாவைத் தடுக்காது. டைல்ஸ் அறுக்கும் தூசியும் துணிக்குள் புகுந்துவிடும். சிமென்ட் தூசி காரத்தன்மை உள்ளது. சர்க்யூட் போர்டில் படிந்து, மழைக்கால ஈரமும் சேர்ந்தால் நாளடைவில் அரித்துவிடும்.

எதைப் போட்டு மூடுகிறோம் என்பதைவிட, வேலை நேரத்தில் கருவி அணைந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஓடுகிற கம்ப்யூட்டரின் ஃபேன் அறைத் தூசியை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். ஓடும்போது மூடினாலோ சூடேறிக் கெடும். அதனால் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறியபிறகு பாலித்தீன் ஷீட்டால் சுற்றி டேப் ஒட்டுங்கள். ஈரத்தை உறிஞ்ச இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களை உள்ளே போடலாம். டிவியைச் சுவரிலிருந்து கழற்றி, நிமிர்ந்த நிலையிலேயே வையுங்கள். திரையில் டேப் படவே கூடாது.

பெரும்பாலானோர் கோட்டை விடுவது ஏசியில்தான். புழுக்கம் தாங்காமலோ, பெயின்ட் சீக்கிரம் காயட்டும் என்றோ யாராவது ரிமோட்டை அழுத்திவிடுகிறார்கள். ஏசி ஓடும்போது உள்ளே இருக்கும் கூலிங் காயில் (காற்றைக் குளிரவைக்கும் பகுதி) நனைந்திருக்கும். ஃபில்டர் வலை நுண்ணிய மாவைப் பிடிக்காது. ஒயிட் சிமென்ட் கலந்த பட்டி அந்த ஈரத்தில் குழைந்து, காயிலின் தகடுகளுக்கு நடுவே இறுகிவிடும். குளிர்ச்சி குறையும், தண்ணீர் வெளியேறும் குழாய் அடைபட்டு அறைக்குள்ளேயே சொட்டும். பிறகு சாதாரண சர்வீஸில் அது போகாது. ஆகவே இன்டோர் யூனிட்டை ஷீட்டால் முழுக்க மூடி, மாஸ்கிங் டேப் ஒட்டி, ஏசிக்கு மின்சாரம் போகும் எம்சிபி சுவிட்சையே இறக்கிவிடுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இன்வெர்ட்டர் கதை வேறு. சார்ஜ் ஏறும்போது அதன் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். காற்றுப் புகாமல் மூடுவது ஆபத்து. வேலை நடக்காத, காற்றோட்டமுள்ள இடத்துக்கு எலக்ட்ரீசியனை வைத்து மாற்றிவிடுங்கள். ஃப்ரிட்ஜையும் ஓடும்போது மூடக்கூடாது.

கொத்தனாரிடம் முதல் நாளே பேசுங்கள்: டைல்ஸ் அறுப்பது மொட்டை மாடியிலோ வாசலிலோ நடக்கட்டும், தண்ணீர் விட்டு அறுக்கும் மெஷின் இருந்தால் இன்னும் நல்லது. வேலை அறை அறையாக நகரட்டும். சாமான்களை வைத்த அறையின் கதவிடுக்கை டேப்பால் அடைத்து, வாசலில் ஈரத்துணி போடுங்கள். சாயங்காலம் துடைப்பத்தால் பெருக்கினால் படிந்த தூசி மறுபடி கிளம்பும். ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே சரி.

வேலை முடிந்த அன்றே எதையும் பிரிக்காதீர்கள். ஓரிரு நாள் தூசி அடங்கட்டும். வீட்டைத் துடைத்தபின் பிரியுங்கள். கம்ப்யூட்டருக்குள் தூசி தெரிந்தால் ப்ளோயரால் ஊதலாம், ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு. வாக்குவம் கிளீனர் முனையை போர்டுக்கு அருகே கொண்டுபோக வேண்டாம், ஸ்டாட்டிக் மின்சாரம் பாயக்கூடும். டிவி திரையை எடுத்த எடுப்பில் துடைத்தால் மணல் துகள்கள் கீறிவிடும். முதலில் ஊதித் தள்ளிவிட்டு, லேசாக ஈரப்படுத்திய மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடையுங்கள்.