லினக்ஸ் பூட் ஆகும்போது எந்த சர்வீஸ் நெட்வொர்க்குக்காகக் காத்திருக்க வேண்டும்?

சிஸ்டம்டி (பின்னணியில் ஓடும் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) உள்ள லினக்ஸில் இதற்கு இரண்டு கட்டங்கள் உண்டு. 'நெட்வொர்க் டார்கெட்' என்றால், நெட்வொர்க்கைக் கவனிக்கும் மென்பொருள் ஓடத் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான். ஐபி முகவரி கிடைத்திருக்க வேண்டும் என்றில்லை. 'நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்' முகவரி கிடைக்கும்வரை காத்திருக்கும். மோட்டார் சுவிட்சைப் போட்டதற்கும் குழாயில் தண்ணீர் வந்ததற்கும் உள்ள வித்தியாசம்தான்.

சரி, ஏன் பிரித்தார்கள்? வைஃபை இணையவும் டிஹெச்சிபி (முகவரியைத் தானாக ஒதுக்கும் முறை) முகவரி தரவும் எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியாது. கேபிள் செருகாமல் கிடந்தால், சிஸ்டம்டியின் நெட்வொர்க் மென்பொருளான சிஸ்டம்டி-நெட்வொர்க்டியின் காத்திருப்பு இயல்பாக 120 விநாடி வரை இழுக்கும். அதனால் உண்மையில் தேவைப்படுவது மட்டும் காத்திருந்தால் போதும். என்எஃப்எஸ் மவுண்ட் (வேறொரு கணினியின் கோப்புறையை நெட்வொர்க் வழியாக இணைப்பது) அப்படி ஒன்று. கணினியின் எல்லா முகவரிகளிலும் இணைப்புகளை ஏற்கும் வெப் சர்வருக்கு அந்தத் தேவையே இல்லை.

சொந்தமாக சர்வீஸ் எழுதினால் அதன் அமைப்புக் கோப்பில் 'ஆஃப்டர்', 'வான்ட்ஸ்' இரண்டு வரிகளிலும் ஆன்லைன் டார்கெட்டைக் குறிப்பிடுங்கள். முதலாவது வரிசையை மட்டுமே சொல்லும், இரண்டாவதுதான் அதை இழுத்து வரும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

அப்புறம், இந்த ஆன்லைன் கட்டம் தாண்டிவிட்டால் இணையமும் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ரூட்டருக்கு அப்பால் லைன் செத்துக் கிடந்தாலும் இது நிறைவேறிவிடும்.