குறைந்த காசில் வனவிலங்குகளைப் பாதுகாக்க யாரோடு கூட்டுச் சேருவது?

சங்கத்தின் கையில் 40,000 ரூபாதான் இருக்கிறது, அனுசரணை கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை, இதை வைத்துக்கொண்டு கொழும்பில் உருப்படியாக ஏதும் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இளம் ஆட்கள் என்று நினைக்கிறேன். லெட்டர்ஹெட் அடித்து வங்கிகளுக்கும் கம்பனிகளுக்கும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பீர்கள். நாங்களும் இரண்டு வருடம் அப்படிக் காத்திருந்தோம்.

செய்யலாம். ஆனால் காசுள்ள ஆட்களைத் தேடுவதை விட்டுவிட்டு, அந்த விலங்கு போய்வரும் பாதையில் ஏற்கெனவே நிற்கிற ஆட்களைத் தேடுங்கள்.

நான் இருப்பது கொழும்பை அடுத்த அத்திடியவில். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், அதற்கப்பால் 1990இல் சரணாலயமாக்கப்பட்ட பெல்லன்வில-அத்திடிய சதுப்பு நிலம், 372 ஹெக்டேயர். ஒருநாள் விடியக்காலமை பஸ்ஸுக்கு நடந்து போகையில் வளைவில் வாகனம் அடித்துச் செத்துக் கிடந்த ஒரு விலங்கைச் சுற்றிச் சனம் கூடி நின்றது. ‘கொட்டி பெட்டியா’ என்றார்கள், சிறுத்தைக் குட்டியாம். சிங்களத்தில் புலிக்கும் ‘கொட்டி’ என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் இந்த ஊரில் ஒரு தமிழனுக்கு வேறு ஞாபகங்கள் வரும். இருந்தாலும் கிட்டப் போய்க் குந்தினேன். சாம்பலும் பச்சையும் கலந்த மயிர், முதுகில் வரிசை வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள், அந்த உடம்புக்குக் கட்டையான வால். முன்காலைத் தூக்கி விரல்களை விரித்தேன், நடுவே பாதிவரை தோல் இருந்தது. மீன்பிடிப் பூனை. சிங்களத்தில் ஹந்துன் திவியா. உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, அதே ஒழுங்கையில் ஓய்வுபெற்ற ஓர் ஐயா, தன் தொட்டியில் வளர்த்த கோய் மீன்களை ஏதோ இரவில் வந்து தின்கிறது, நஞ்சு வைக்கப் போகிறேன் என்றார். வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் தடத்தைப் பார்த்ததும் அது எது என்று விளங்கிவிட்டது. அவரைக் கொடுமைக்காரர் என்று யாரும் எழுதவேண்டாம். ஒரு மீன் பல ஆயிரம் ரூபா, அவருடைய பென்ஷன் காசு. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இந்தப் பூனையைக் காக்கிறது என்று சொல்லிப் பயமுறுத்தியிருக்கலாம். அவர் ‘சரி தம்பி’ என்று சொல்லிவிட்டு இரவில் நஞ்சு வைத்திருப்பார்.

நாங்கள் ஐந்து பேர். எல்லோரும் போட்டு வந்தது 18,600 ரூபா. ஒழுங்கை முனையில் வெல்டிங் கடை வைத்திருக்கும் அண்ணையிடம் போய்க் கதைத்தோம். கழித்துப்போட்ட பழைய இரும்பிலேயே தொட்டிக்கு மூடிச் சட்டம் ஒட்டித் தந்தார், கூலி வாங்கவில்லை. அவருடைய மகள் அந்த வருடம் சாதாரண தரம் எடுக்க இருந்தாள், பரீட்சை வரை ஞாயிறு பின்னேரங்களில் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். கம்பி வலை மட்டும் காசு கொடுத்து வாங்கினோம். த்ரீவீல் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்க இடம் இல்லை, இரண்டு தகரம் போட்டுக் கொடுத்தோம். இரவில் ஓடுகிற தம்பிமார் அந்த வளைவில் மெதுவாகப் போகவும், பூனை தென்பட்டால் உடனே போன் பண்ணவும் சம்மதித்தார்கள். மிச்சக் காசில் வளைவுக்கு இரவில் மின்னும் ஸ்டிக்கர் ஒட்டிய பலகை ஒன்று. பக்கத்து விகாரையின் ஹாமுதுருவோ (பௌத்த பிக்கு) பௌர்ணமிப் போயா தினத்தில் நஞ்சு, கண்ணி பற்றிப் பேசினார். அதற்கு நாங்கள் கொடுத்தது ஒன்றுமில்லை, போய்க் கேட்டோம், அவ்வளவுதான். 2022இல் பெற்றோல் கியூவில் நாள்கணக்கில் கிடந்தபோதும் அந்த த்ரீவீல் தம்பிமார் தகவல் சொல்வதை நிறுத்தவில்லை. கூட்டு என்று நான் சொல்வது இதைத்தான்.

மூடி போட்ட நாலாம் இரவு ஐயா போன் எடுத்தார். பூனை வலைக்கு மேலே ஏறி, கீழே நீந்தும் மீனைப் பார்த்தபடி வெகுநேரம் இருந்ததாம். பிறகு இறங்கி வாய்க்கால் பக்கம் போய்விட்டதாம். லைட்டைப் போடாமல் யன்னலருகே நின்று பார்த்திருக்கிறார். அதன்பிறகு நஞ்சுப் பேச்சே இல்லை.

பணக்கார நிறுவனங்கள் எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. எங்களுக்கு வாய்த்த ஒன்று, சுற்றாடல் தினத்துக்கு சதுப்பு நிலத்தில் மரக்கன்று நட வந்தது. புல்லும் நாணலும் தண்ணீருமாகத் திறந்து கிடக்கவேண்டிய நிலத்தில் மரம் நட்டால் அது சதுப்பாக இருக்காது. ஏற்கெனவே வெல் ஆத்தா என்ற அந்நிய மரம் பரவித் திணறுகிற இடம். வேண்டாம் என்றோம். நன்றி இல்லாதவர்கள் என்றார்கள். அவர்கள் அடித்த பனரின் செலவில் இன்னும் சில தொட்டிகளுக்கு மூடி போட்டிருக்கலாம்.

‘சனம் சாப்பாட்டுக்குக் கஷ்டப்படும்போது பூனையா’ என்று கேட்பவர்களுக்கு: 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் வந்ததை மறந்துவிட்டீர்களா? அந்தப் பூனை வாழும் சதுப்புதான் மழைத்தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் 2018இல் தெரிவான உலகின் முதல் 18 ஈரநில நகரங்களில் கொழும்பும் ஒன்றானது சும்மா இல்லை.

இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். கொழும்புத் தமிழருக்குக் காடு, பறவை என்றால் அக்கறை இல்லை என்று அடிக்கடி எழுதுகிறார்கள். 2008இல் ஒரு சோதனைச்சாவடியில் என் பையில் தொலைநோக்கி இருந்தது. மூன்று மணித்தியாலம் நிறுத்தி வைத்தார்கள். கொக்குப் பார்க்கப் போகிறேன் என்றதை யாரும் நம்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினா. போர் முடிந்து பல வருடம் கழித்துத்தான் திறப்பைத் தந்தா. அப்படி எத்தனை வீட்டில் எத்தனை அலுமாரி பூட்டிக் கிடந்ததென்று தெரியாமல் எழுதவேண்டாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான் விலங்கியல் படித்தவனில்லை, ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன். அதனால் காயப்பட்ட விலங்கைத் தொடுவது, கண்ணியில் மாட்டியதை அவிழ்ப்பது எல்லாம் வனஜீவராசிகள் திணைக்களத்தின் வேலை, அவர்களுக்கு அறிவியுங்கள். எந்தப் பகுதி, எந்த விலங்கு என்று நீங்கள் சொல்லவில்லை. மீன் தொட்டிப் பிரச்சினை என்றால் எழுதுங்கள். அந்த மூடிச் சட்டத்தின் அளவுகளை ஒரு கொப்பியில் வரைந்து வைத்திருக்கிறேன், படம் எடுத்து அனுப்புகிறேன்.