வியூக விளையாட்டில் அஸ்டெக் விவசாயத்தை எப்படிக் காட்டலாம்?

மற்ற நாகரிகங்களுக்குக் கொடுக்கும் அதே வயலை, ஐரோப்பியர் வருவதற்கு முன் மத்திய மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக்குகளுக்கும் கொடுத்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அவர்களிடம் கலப்பையும் கிடையாது, அதை இழுக்க மாடோ குதிரையோ கிடையாது. ஆனால் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாட்டில் அவர்களும் குதிரைக் கழுத்துப்பட்டை (குதிரை கலப்பையை இழுக்க உதவும் பட்டை) ஆராய்ச்சியைச் செய்துதான் வயலை மேம்படுத்துகிறார்கள், எனக்கு அது ஒவ்வொரு முறையும் உறுத்தும்.

அவர்களுடைய உண்மையான பலம் சினாம்பா. சோசிமில்கோ, சால்கோ ஏரிகளில் ஆழம் குறைந்த இடமாகப் பார்த்து, கழி ஊன்றி வேலி கட்டி, உள்ளே சேறும் நீர்த்தாவரங்களும் மாறி மாறிப் போட்டு மேடாக்கிய நீளமான பாத்திகள். பலர் நினைப்பதுபோல இவை மிதப்பதில்லை. கரை சரியாமல் இருக்க ஓரத்தில் வில்லோ மரம் நடுவார்கள். நாற்றைத் தனியாகச் சேற்றுக் கட்டிகளில் வளர்த்துக்கொள்வதால் பாத்தி சும்மா கிடக்காது, வருடத்துக்குப் பல போகம்.

அதனால் ஆழமற்ற நன்னீரில் மட்டும் கட்ட முடிகிற, கட்ட நிறைய ஆள் கேட்கிற, ஆனால் விளைச்சல் தீராத வயலாக வையுங்கள். விளைந்தது படகில்தான் நகரத்துக்குப் போக வேண்டும்.

அப்புறம் உப்பு. டெக்ஸ்கோகோ ஏரி உவர் நீர். 15-ஆம் நூற்றாண்டில் டெக்ஸ்கோகோ நகர மன்னர் நெசவால்கோயோட்ல் முன்னின்று கட்டிய நீண்ட அணைதான் அந்த உப்பு நீர் நன்னீர்ப் பக்கம் வராமல் தடுத்து வைத்தது. எதிரி அதை உடைத்தால் பக்கத்துப் பாத்திகள் பாழாகும் என்று ஒரு விதி வையுங்கள், முற்றுகை ஆட்டமே மாறிவிடும்.