நேராக இரண்டாம் ஆண்டில் சேர முடியுமா?

கேள்வி: என் மகன் சென்னையில் பி.ஏ. தத்துவம் முதலாண்டு முடித்திருக்கிறான். கலிபோர்னியாவில் இருக்கும் தாமஸ் அக்வினாஸ் கல்லூரியில் சேர்ந்து பிளேட்டோ, அரிஸ்டாட்டில், லத்தீன் எல்லாம் படிக்க வேண்டுமாம். லத்தீனில் அவனுக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. இரண்டாம் ஆண்டிலேயே சேர்த்துவிடுவதாகச் சொல்லி ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா? (ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அந்தக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை என்று ஒன்று கிடையாது. வேறெங்கே எத்தனை வருடம் படித்திருந்தாலும் முதலாண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1971-இல் ஆரம்பித்த கத்தோலிக்கக் கல்லூரி அது. மேஜர் என்கிற முதன்மைப் பாடம் இல்லை, விருப்பப் பாடம் இல்லை. எல்லோரும் ஒரே மூல நூல்களை ஒரே வரிசையில் படிக்கிறார்கள். ஆசிரியருக்கு டியூட்டர் என்று பெயர். அவர் பாடம் ஒப்பிக்க மாட்டார், மேசையைச் சுற்றி உட்கார்ந்த மாணவர்களிடம் கேள்வி கேட்பார். பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் தேற்றத்தை மாணவர்தான் எழுந்துபோய்க் கரும்பலகையில் நிறுவிக் காட்ட வேண்டும். முதல் வருடத்தைத் தாண்டிக் குதித்தவன் அடுத்த வருடம் அந்த மேசையில் வாய் திறக்க முடியாது.

லத்தீன் பயம் வேண்டவே வேண்டாம். முதல் இரண்டு ஆண்டுகள் அடிப்படையிலிருந்தே கற்றுத் தருகிறார்கள். அதோடு, வேற்றுமை உருபு நமக்குப் பழகிய சங்கதி. 'புயெல்லா அக்வாம் போர்தாத்' என்றால் 'சிறுமி தண்ணீரைச் சுமக்கிறாள்'. சொல் வரிசையைப் பாருங்கள், அப்படியே நம்முடையது. 'அக்வா' தண்ணீர், கடைசியில் வரும் 'ம்' நம் 'ஐ' செய்யும் வேலையைச் செய்கிறது. அதனால் 'அக்வாம்' என்பதை முன்னால் தூக்கிப் போட்டாலும் பொருள் மாறாது. ஆங்கிலம் மட்டும் தெரிந்த பையன்கள் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். உங்கள் மகன் திணறப்போவது வேறு இடத்தில். நமக்கு நல்ல பையன், நல்ல பெண், நல்ல பரிசு எல்லாவற்றுக்கும் ஒரே 'நல்ல' போதும். அங்கே போனுஸ், போனா, போனும் என்று ஆளுக்கொரு வடிவம். மனப்பாடம்தான் வழி.

சரி, படித்த ஒரு வருடம் எங்குமே கணக்கில் வராதா? வரும். டெக்சஸில் இருக்கும் டாலஸ் பல்கலைக்கழகமும் கத்தோலிக்க நிறுவனம்தான். அங்கே மேஜர் முறை உண்டு, பழைய கிரெடிட்டை, அதாவது முன்பு படித்த பாடங்களுக்கான மதிப்பை, பரிசீலிப்பார்கள். ஆனால் இதையே பிடித்துக்கொண்டு ஏஜென்ட் மறுபடி வருவார், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். முடிவு பல்கலைக்கழகத்துடையது, ஏஜென்டுடையது அல்ல. மதிப்பெண் பட்டியலைப் பாடம் பாடமாக மதிப்பிடச் சொல்லலாம். அதற்குத் தனிக் கட்டணம். அதற்குப் பிறகும் உங்கள் மகனின் தத்துவத் தாள்களை அவர்களுடைய கட்டாயப் பாடங்களுக்கு ஈடாக ஏற்காமல், விருப்பப் பாடக் கணக்கில் மட்டும் வைக்கக்கூடும். அப்போது கிரெடிட் கிடைக்கும், வருடம் மிஞ்சாது.

என்னிடம் வந்த ஒரு பையன் கதையைக் கேளுங்கள். கத்தோலிக்கக் கல்லூரி என்று நம்பி ஒரு ஏஜென்டிடம் பணம் கட்டினான். கையில் வந்த ஐ-20, அதாவது மாணவர் விசாவுக்குக் கல்லூரி தரும் படிவம், வேறொரு மாநிலத்து பிசினஸ் கல்லூரியுடையது. கமிஷன் அங்கேதான் கிடைக்கும் போல. கல்லூரிப் பெயரில் 'செயின்ட்' இருந்ததாம், அவ்வளவுதான் சம்பந்தம்! விசாவுக்காக வங்கிக் கணக்கில் காட்டுவதற்கு மட்டும் பணம் கடன் தருகிறேன் என்பார்கள் இந்த ஏஜென்டுகள், அதையும் தொடாதீர்கள். சேர்க்கைக் கட்டுரையை அவர்கள் எழுதித் தந்தால் முதல் வார வகுப்பிலேயே குட்டு உடையும். செவிஸ் என்கிற, அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான கட்டணம் 350 டாலரை நீங்களே இணையத்தில் கட்டலாம், அதற்கு எதற்கு ஆள்?

விசா நேர்காணல்தான் எனக்கு எரிச்சல் தரும் இடம். கம்ப்யூட்டர் படிக்கப் போகிறவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அரிஸ்டாட்டில் என்று சொல்லிப் பாருங்கள்: "இதைப் படித்து என்ன வேலை?" நாலு வருட ஆசையை இரண்டு நிமிடத்தில் ஜன்னல் வழியாக விளக்க வேண்டும். பையன் ஒப்பிக்காமல், தன் வாயால் சொல்லட்டும். படித்து முடித்து மூன்று வருடம் அங்கே வேலை பார்க்கலாம் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தால், இந்தப் பட்டத்துக்கு அது பொருந்தாது, 12 மாதம்தான்.

பணம்: அமெரிக்க அரசின் மாணவர் உதவி வெளிநாட்டினருக்குக் கிடையாது. கல்லூரி தன் சொந்த நிதியிலிருந்து எவ்வளவு தரும் என்பதை மகனே மின்னஞ்சலில் கேட்கட்டும். "நான் இந்தியாவில் ஓராண்டு படித்தவன். இரண்டாம் ஆண்டில் சேர முடியுமா? வெளிநாட்டு மாணவருக்கு உதவித்தொகை உண்டா?" மூன்று வரி போதும். வருகிற பதிலை அச்செடுத்து அந்த ஏஜென்டின் மேசையில் வையுங்கள்.