மேசையின் எந்தப் பக்கம் வளைவு?

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஹட்டனில் நானும் நண்பனும் சின்னதாக ஒரு கணக்கு எழுதும் ஆபீஸ் திறக்கப் போகிறோம். இப்போது எங்கே பார்த்தாலும் வளைந்த மேசை, அரைவட்ட சோபா. பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் சப்பு மரப் பலகையில் வளைவாகச் செய்தால் ஏறக்குறைய இரட்டை விலை என்கிறார் தச்சு பாஸ். வளைவில் அப்படி என்ன இருக்கிறது? வாஸ்துவுக்கு நல்லதா?

ஒரு வாசகர், ஹட்டன்

தம்பி,

வாஸ்துவை விடுங்கள், அதற்கு நான் ஆள் இல்லை. பாஸைத் திட்டவும் வேண்டாம். பலகையை வளைவாக அறுத்தால் நிறையக் கழிவு போகும், ரேகை குறுக்கே வெட்டுப்பட்ட இடத்தில் மரம் படக்கென்று முறியும். தோனெட் என்ற ஜெர்மன்காரர் இதற்காகத்தான் பீச் மரத்தை ஆவியில் வேகவைத்து, வெளிப்பக்கம் வெடிக்காமல் இரும்புப் பட்டி கட்டி வளைத்தார். 1859இல் வந்த அவருடைய 14ஆம் இலக்க நாற்காலி ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டுதான். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி. காபிக் கடைகளுக்குப் போன சாமான் அது, வளைவு என்றாலே பணக்காரச் சங்கதி என்று யார் சொன்னது?

கண்ணுக்கு ஏன் பிடிக்கிறது என்றால், கூர்முனையைக் கண்டால் மனம் கொஞ்சம் எச்சரிக்கையாகிறது என்று 2006இல் பார், நேட்டா என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். எனக்கு அது புதுசில்லை.

சின்ன வயதில் அம்மாவோடு தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். மதியத்தோடு மழை பிடித்து வேலை நின்ற நாளுக்கு அம்மாவுக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் போட்டிருந்தார்கள், அதைக் கேட்கப் போனது. பெரிய கிளாக்கர் ஐயாவின் மேசை மூலை சரியாக என் நெற்றி உயரத்தில் இருந்தது. அவர் செக்ரோல் என்ற பேர்ப் பதிவுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. அம்மா மழைக்குப் போர்த்தும் கொங்காணியைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு நின்றாள், கட்டைவிரல் அந்த மூலையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. அந்த ஒரு மூலையில் மட்டும் வார்னிஷ் இல்லை. கூர் போய், மொழுமொழுவென்று உருண்டு கிடந்தது. அவருடைய பக்கத்து மூலைகள் இரண்டும் புதுசு போலக் கூராகவே இருந்தன. எத்தனை பேருடைய விரல், எத்தனை அரைப்பேர்!

எதைக் கேட்டீர்கள்? ஆமாம், மேசை.

நீங்கள் பார்த்த வளைந்த மேசைகளில் குழிவு யார் பக்கம் இருக்கிறது என்று கவனித்தீர்களா? உட்கார்ந்திருப்பவர் பக்கம். கோட்டைச் சுவர் மாதிரி அவரைச் சுற்றி வளைந்து, வருகிறவரை வயிற்றால் தள்ளுவதுபோல வெளியே புடைத்து நிற்கிறது. அதற்குப் பேர் நட்பான வடிவமைப்பாம்! இரட்டைக் காசு கொடுத்து இதை வாங்கி வைத்தால், தம்பி, உங்களைவிட அந்தக் கிளாக்கர் ஐயா மேல், அவர் மேசை சும்மா கிடைத்தது. வளைவு வேண்டுமென்றால் குழிவை வருகிறவர் பக்கம் வெட்டச் சொல்லுங்கள், அந்தக் குழிவுக்குள் ஒரு நாற்காலி போடுங்கள். இல்லை, காசு இடிக்கிறது என்றால் நேர் மேசையே போதும், மூலைகளை மட்டும் இழைத்து உருட்டித் தரச் சொல்லுங்கள். பாஸுக்கு அரை நாள் வேலை.

அரைவட்ட சோபா வேண்டவே வேண்டாம். ஹட்டன் மழையில் நனைந்து வருகிற அம்மா துணி சோபாவைப் பார்த்தால் உட்கார மாட்டாள், நின்றுகொண்டேதான் பேசுவாள்.